கோக்காவுக்கும் அபினிக்கும் மாற்று: திட்டத்தை எந்த வரிசையில் நடத்துவது?

வெளிநாட்டு நிதியில் நடக்கும் மாற்றுப் பயிர்த் திட்டங்களில் புதிதாகச் சேர்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அபினிக்குப் பதிலாக எதை நடச் சொல்லலாம்?" என்பதுதான். அது ஐந்தாவது படியில் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதல் நாளே கேட்டுவிட்டு, மற்ற வேலைகளை அதன் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடியதால் படுத்துப்போன திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டில் நானும் சேர்ந்து ஓடியிருக்கிறேன்.

கொடையாளர் அமைப்பிலோ, தொண்டு நிறுவனத்திலோ, உள்ளாட்சி அலுவலகத்திலோ இருந்துகொண்டு இப்படியொரு திட்டத்தை வரையவோ நடத்தவோ போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிகளைவிட அவற்றின் வரிசைதான் இதில் முக்கியம். ஏனென்றால் தோற்ற திட்டங்களிலும் இதே வேலைகள் எல்லாம் நடந்திருக்கும். முன்னது பின்னதாக நடந்திருக்கும், அவ்வளவுதான்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைப் பிரித்துக்கொள்ளுங்கள். கோக்கா என்பது கொக்கெய்ன் எடுக்கப்படும் இலை. கொக்கோ என்பது சாக்லேட்டுக்கான கொட்டை. தென் அமெரிக்காவில் முன்னதைப் பிடுங்கிப் பின்னதை நடுவதுதான் பல திட்டங்களின் சாரம். நான் திருத்திய தமிழாக்க வரைவு ஒன்று, விவசாயிகளுக்கு அரசே கோக்கா நாற்றுகளை வழங்கியதாகப் பெருமையோடு சொன்னது.

1. கையெழுத்திடும் முன் உறுதிசெய்ய வேண்டியவை

முதலாவது, காலம். கொடையாளர்கள் மூன்று ஆண்டுகளுக்கு நிதி தருவார்கள். காப்பியும் கொக்கோவும் காய்க்கத் தொடங்குவதே மூன்றாம் ஆண்டில். தாய்லாந்தின் மலைப்பகுதியில் 1969-இல் அரச திட்டம் தொடங்கியது. சியாங் ராய் மாகாணத்தின் டோய் துங் திட்டம் 1988-இல் தொடங்கியபோதே 30 ஆண்டுக் கணக்கில்தான் வகுக்கப்பட்டது. உங்களால் 30 ஆண்டு கேட்க முடியாது. ஆனால் எட்டுப் பத்து ஆண்டுகளுக்கான வரைபடத்தை வைத்துக்கொண்டு, அதில் முதல் மூன்று ஆண்டுக்கு நிதி கேட்கலாம். மூன்றே ஆண்டில் அபினியை ஒழித்துவிடுவதாக எழுதிக்கொடுத்தால், மூன்றாம் ஆண்டில் உங்கள் கையில் இருக்கப்போவது இடுப்பளவு காப்பிச் செடிதான்.

இரண்டாவது, சட்டம். "நான் இதைப் பயிரிடுகிறேன்" என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடும் விவசாயிக்கு நாளை என்ன நேரும்? கொலம்பியாவில் அரசும் ஃபார்க் கிளர்ச்சிப் படையும் 2016-இல் செய்த அமைதி உடன்படிக்கையின்படி சிறு விவசாயிகளைக் குற்ற வழக்கிலிருந்து விலக்கும் தனிச் சட்டம் வந்திருக்க வேண்டும். அங்கே மாற்றுப் பயிர்த் திட்டம் 2017-இல் தொடங்கி, பல்லாயிரம் குடும்பங்கள் கையெழுத்திட்ட பிறகும் அந்தச் சட்டம் நிறைவேறவில்லை. பாதுகாப்பு எழுத்தில் வராதவரை பெயர்ப்பட்டியல் தயாரிக்காதீர்கள். தயாரித்தே ஆக வேண்டுமென்றால், அது யார் கணினியில் இருக்கும், யாருக்குப் போகும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

மூன்றாவது, அந்த இடத்தை உண்மையில் யார் ஆள்கிறார்கள் என்பது. சோதனைச் சாவடி யாருடையது, சந்தைக்குப் போகும் லாரியிடம் யார் வசூலிக்கிறார்கள், தகராறு வந்தால் மக்கள் யாரிடம் போகிறார்கள் என்று விசாரியுங்கள். கொலம்பியாவில் மாற்றுப் பயிரை ஆதரித்துப் பேசிய ஊர்த் தலைவர்கள் பலர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். திட்டத்தின் முகமாக ஓர் உள்ளூர்க்காரரை நிறுத்துவது என்பது அவர் உயிரைப் பணயம் வைப்பது.

நான்காவது, வரைபடம். ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகம் அந்தந்த அரசுகளோடு சேர்ந்து செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பயிர்ப் பரப்பை அளந்து வெளியிடுகிறது. குறைந்தது ஐந்து ஆண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓராண்டுப் படம் பரப்பைக் காட்டும். ஐந்தாண்டுப் படம் பயிர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் காட்டும்.

2. குடும்பக் கணக்கை எழுதுங்கள்

இந்தப் படிக்கு நான்கு மாதமாவது ஒதுக்குங்கள். தலைமையகம் அவசரப்படுத்தும். விட்டுக்கொடுக்காதீர்கள்.

புதியவர்கள் ஒரு ஹெக்டேர் அபினிக்கு இவ்வளவு டாலர், ஒரு ஹெக்டேர் கோதுமைக்கு இவ்வளவு டாலர் என்று இரண்டு எண்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். இரண்டும் மொத்த வருமானம். அபினிக் காயைக் கீறிப் பாலை வழித்தெடுக்கும் வேலைக்குக் கோதுமையைப்போலப் பல மடங்கு ஆள்கள் வேண்டும். அந்தக் கூலி, உரம், தண்ணீர், வழியில் கொடுக்கும் வசூல் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள். இடைவெளி நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கும். பிறகு ஏன் அதையே நடுகிறார்கள்? விடை விலையில் மட்டும் இல்லை.

அபினிப் பிசின் கெடாது, எடை குறைவு, சாலை இல்லாத ஊரிலிருந்தும் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். பல இடங்களில் வாங்குபவரே வீட்டு வாசலுக்கு வருகிறார். கோக்காவை ஆண்டுக்கு மூன்று முதல் ஆறு முறை பறிக்கலாம். பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் ஏதாவதொரு பறிப்பு கைகொடுக்கும். ஆப்கானிஸ்தானில் அறுவடைக்கு முன்பே விலை பேசிப் பணம் கொடுத்துவிடும் 'சலாம்' முறை உண்டு. வங்கி எட்டிப்பார்க்காத ஊரில் குளிர்காலத்தில் மாவு வாங்க அந்த முன்பணம்தான் வழி. அதாவது அபினி அங்கே பயிராக மட்டும் இல்லை. கடனும் காப்பீடும் சேமிப்பும் அதுவே.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது ஒரு பயிருக்கு மாற்று அன்று, இந்த நான்கு வேலைகளுக்கும் மாற்று. ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்க வேண்டியவை இவை: ஆண்டில் எந்த மாதங்களில் வீட்டுத் தானியம் தீர்ந்துபோகிறது? கடன் யாரிடம், எதை ஈடாக வைத்து? நிலம் சொந்தமா, குத்தகையா, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரமா? அறுவடைக்கு ஆள்கள் எங்கிருந்து வருகிறார்கள்?

முதல் கூட்டத்திலேயே "எத்தனை ஹெக்டேர் அபினி போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். நல்ல படிப்பு படித்த இளைஞர் ஒருவர் அப்படிக் கேட்டு, தேநீர் ஆறுவதற்குள் கூடம் காலியானதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பசி மாதங்களைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். மூன்றாவது வருகையில் அவர்களே பயிரைப் பற்றிச் சொல்வார்கள்.

இந்தப் படியில் பெரிதாகத் தவறவிடப்படுபவர்கள் நிலமற்றவர்கள். ஆப்கானிஸ்தானின் ஹெல்மந்த் மாகாணத்தில் 2008-இல் தொடங்கிய 'உணவு மண்டலம்' திட்டம் கோதுமை விதையும் உரமும் மானியமாகக் கொடுத்தது. கூடவே அபினி அழிப்பும் நடந்தது. கால்வாய்ப் பாசனப் பகுதியில் அபினி குறையவும் செய்தது. ஆனால் கோதுமைக்கு அவ்வளவு ஆள் வேண்டியதில்லை. வாரத்துக்கு உழுதுகொண்டிருந்தவர்கள் வேலையிழந்து, போக்ரா கால்வாய்க்கு வடக்கேயுள்ள பாலைநிலத்துக்குப் போய், ஆழ்துளைக் கிணறு தோண்டி, அங்கே அபினி நட்டார்கள். மானிய விதை நிலம் வைத்திருந்தவருக்குப் போனது. அபினி, நிலம் இல்லாதவரோடு இடம்பெயர்ந்தது. குடும்பக் கணக்கை நிலவுடைமைவாரியாகப் பிரித்து எழுதியிருந்தால் இது தாளிலேயே தெரிந்திருக்கும்.

3. பயிருக்கு முன் உள்ளாட்சி

நிதியின் முதல் பகுதி நாற்றங்காலுக்குப் போகக் கூடாது, உள்ளாட்சிக்குப் போக வேண்டும் என்று நான் சொல்லும்போது புருவம் உயர்த்துகிறார்கள். காரணம் எளிது. காப்பியைக் கொண்டுபோகச் சாலை வேண்டும், சாலையைப் பராமரிக்க ஓர் அமைப்பு வேண்டும், நிலத் தகராறைத் தீர்க்க ஓர் இடம் வேண்டும். உங்கள் அலுவலகம் ஒருநாள் மூடப்படும். ஊராட்சி அங்கேயே இருக்கும்.

பொலிவியாவின் சப்பாரே பகுதியைப் பாருங்கள். 1990களின் இறுதியில் அரசு அங்கே கோக்காவைக் கட்டாயமாக அழித்தது. அமெரிக்க உதவி பெரும்பாலும் அழிப்பை நிபந்தனையாக வைத்தே வந்தது. கோக்கா விவசாயிகளின் சங்கங்கள் செல்வாக்குப் பெற்ற உள்ளாட்சிகளிடமிருந்து அது விலகியே நின்றது. அதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி, அந்த நிபந்தனை இல்லாமல், உள்ளாட்சிகளோடு சேர்ந்து பள்ளி, குடிநீர், சாலை என்று செலவிடப்பட்டது. பின்னாளில், 2004 உடன்பாட்டில், ஒரு குடும்பம் ஒரு 'காத்தோ' மட்டும் பயிரிடலாம் என்று ஏற்பட்டது. சப்பாரேயில் ஒரு காத்தோ என்றால் 40 மீட்டருக்கு 40 மீட்டர், அதாவது 1,600 சதுர மீட்டர். அந்த எல்லையை மீறுகிறவரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பைச் சங்கங்களே ஏற்றன. நிலப் பதிவு, விவசாயிகள் பதிவேடு, கண்காணிப்பு ஆகியவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் உதவியது. காவலர் செய்ய வேண்டியதாகத் தோன்றிய வேலையை அங்கே ஊர்ச் சங்கம் செய்தது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. முதல் ஆறு மாதத்துக்குள் முடியக்கூடிய ஒரு சிறு பொது வேலையை ஊரே தேர்ந்தெடுக்கட்டும்: தரைப்பாலமோ, குடிநீர்க் குழாயோ, பள்ளிக்கூரையோ. பணம் உள்ளாட்சிக் கணக்கு வழியாகவே போகட்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, மீதி எவ்வளவு என்பதை ஊர் நடுவில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். எழுத்தறியாதவர்கள் இருந்தால் மாதம் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தரைப்பாலம் சிறிது கோணலாகக்கூட வரலாம்; அந்த ஆறு மாதத்தில் ஓர் ஊராட்சி ஒப்பந்தப்புள்ளி கேட்கவும், அளந்து பணம் கொடுக்கவும், கேள்விக்குப் பதில் சொல்லவும் பழகிவிடும். நான்காம் ஆண்டில் கொள்முதல் நிலையத்தை அதனிடம் ஒப்படைக்கப் போகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இங்கே நடக்கும் தவறுகளில் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது ஆள் பறிப்பு. உள்ளாட்சியில் இருக்கும் ஒரே கணக்காளரையும் ஒரே பொறியாளரையும் மூன்று மடங்குச் சம்பளம் கொடுத்துத் திட்ட அலுவலகம் எடுத்துக்கொள்ளும். பிறகு "உள்ளாட்சிக்குத் திறன் போதவில்லை" என்று அதே அலுவலகம் அறிக்கை எழுதும்.

இன்னொன்று, ஊர்க் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பது. ஆயுதம் வைத்திருப்பவரின் உறவினர்களும் கந்துவட்டிக்காரரும் முதல் வரிசையில் இருந்தால், மற்றவர்கள் பேச மாட்டார்கள். பெண்களிடம் தனியாகக் கூட்டம் வையுங்கள். பசி மாதங்களின் கணக்கு அவர்களிடம்தான் துல்லியமாக இருக்கும். நிலம் பெரும்பாலும் அவர்கள் பெயரில் இராது என்பதால் பயனாளிப் பட்டியலிலிருந்து முதலில் விடுபடுபவர்களும் அவர்களே.

4. நிலப் பத்திரம்

அபினியும் கீரையும் ஒரு பருவப் பயிர். அடுத்த ஆண்டு நிலம் யாருடையது என்ற கவலை இல்லாமல் நடலாம். காப்பி, கொக்கோ, மக்கடாமியா எல்லாம் மரங்கள். பத்து ஆண்டுக்குப் பிறகும் நிலம் தன் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவரிடம் மரக்கன்றைக் கொடுத்தால், அவர் வாங்கி வேலியோரம் வைத்துவிடுவார்.

ஆகவே நாற்றுக்கு விண்ணப்பம் வாங்கும் முன் மூன்று வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்: பயிர்ப் பரப்பு, வன எல்லை, நிலப் பதிவு. கொலம்பியாவில் கோக்கா பயிராகும் இடங்களில் கணிசமான பகுதி 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வனக் காப்பகங்களிலும், தேசியப் பூங்காக்களிலும், பழங்குடியினர், ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஆகியோரின் கூட்டுரிமை நிலங்களிலும் இருக்கிறது. அங்கே தனிப்பட்டா கொடுக்கச் சட்டம் இடம் தராது. கூட்டுரிமை நிலத்தில் தனிக்குடும்ப ஒப்பந்தம் போட்டால், அந்தச் சமூகத்தின் சபையை நீங்களே பலவீனப்படுத்துகிறீர்கள். அவர்களோடு கூட்டு ஒப்பந்தம்தான் பொருந்தும்.

பத்திரம் வர ஆண்டுகள் ஆகும் என்றால், பயன்பாட்டு உரிமைச் சான்றோ உள்ளாட்சிப் பதிவேட்டில் ஒரு வரியோ போதும், தொடங்கலாம். ஒன்றுமே இல்லாமல் தொடங்காதீர்கள்.

5. விதைக்கு முன் வாங்குபவர்

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். ஆனால் கேள்வியைச் சற்றே மாற்றுங்கள். "இங்கே என்ன விளையும்?" என்று வேளாண் நிபுணரிடம் கேட்பதற்கு முன், "இங்கிருந்து எதை, எந்தத் தரத்தில், எவ்வளவு வாங்குவீர்கள்?" என்று வணிகரிடம் கேளுங்கள். விளைவதெல்லாம் விற்காது. விற்காத விளைச்சலை ஒருமுறை அழுகவிட்ட விவசாயி இரண்டாம் முறை உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்.

லாவோஸின் ஹுவாபான் மாகாணத்து வன்மாய் கூட்டுறவும், மியான்மரின் தெற்கு ஷான் பகுதியில் உள்ள கிரீன் கோல்ட் கூட்டுறவும் பிரான்சின் மலோங்கோ நிறுவனத்துக்குக் காப்பி அனுப்புகின்றன. இரண்டுக்கும் ஐ.நா. அலுவலகத்தின் ஆதரவு உண்டு. வாங்குபவரைக் கையில் வைத்துக்கொண்டு தரத்தை அதற்கேற்ப அமைத்த முறைதான் கவனிக்க வேண்டியது. டோய் துங் இன்னொரு படி மேலே போய், வறுப்பதையும் பொட்டலம் கட்டுவதையும் விற்பதையும் தானே செய்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் அரச குடும்பத்தின் ஆதரவும், நகரச் சந்தைக்குச் சாலையும், பல்லாண்டு முதலீடும் இருந்தன. உங்களிடம் அவை இல்லையென்றால் அதைப் படியெடுக்க முயல வேண்டாம்.

அளவுக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு சிறிய கப்பல் கொள்கலனில் ஏறத்தாழ 19 டன் பச்சைக் காப்பிக்கொட்டை பிடிக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஹெக்டேர், ஹெக்டேருக்கு அரை டன் என்று வைத்தால், ஒரே ஒரு கொள்கலனை நிரப்ப 38 குடும்பங்கள் வேண்டும்; அதுவும் எல்லாருடைய கொட்டையும் ஒரே தரத்தில் இருந்தால். 20 குடும்பங்களோடு ஏற்றுமதிக் கனவு காண்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

இரண்டு பொறிகளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஐரோப்பியச் சந்தை சார்ந்தவை. இரண்டும் நட்ட பிறகு தெரிந்தால் பயனில்லை.

ஒன்று காட்மியம். லத்தீன் அமெரிக்காவின் சில மண்களில் இந்த உலோகம் இயற்கையாகவே அதிகம். கொக்கோ மரம் அதை உறிஞ்சிக் கொட்டையில் சேர்த்துவிடும். சாக்லேட், கொக்கோப் பொருள்களில் காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் உச்ச வரம்பு வைத்திருக்கிறது. எனவே நாற்றங்காலுக்கு முன் மண் பரிசோதனை.

மற்றொன்று காடழிப்பு விதி. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த காப்பி, கொக்கோ, பாமாயில் முதலியவை ஐரோப்பியச் சந்தைக்குள் வரக் கூடாது என்று 2023-இல் சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கு வரும் நாளைத் தள்ளிவைத்தாலும், வாங்குபவர்கள் ஒவ்வொரு வயலின் புவியிட அளவுகளையும் இப்போதே கேட்கிறார்கள். கோக்கா வயல்களில் பல, காட்டை வெட்டி உருவானவை. நான்காம் படியின் வரைபடம் இங்கே மறுபடியும் தேவைப்படும்.

6. காய்க்காத மூன்று ஆண்டுகள்

நடுவதற்கும் காய்ப்பதற்கும் இடையில் குடும்பம் எதைச் சாப்பிடும்? பெரும்பாலான திட்டங்கள் விழும் பள்ளம் இதுதான்.

ஒரு தாளில் 36 மாதங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு மாதத்துக்கும் கீழே வீட்டுக்கு வரக்கூடிய வருமானத்தையோ உணவையோ எழுதுங்கள். முதல் நான்கு மாதத்தில் பயறும் காய்கறியும் மக்காச்சோளமும் வரும். ஓராண்டுக்குள் வாழை தாறு விடும். கொக்கோ இளங்கன்றுக்கு நிழலும் அதுவே. கோழி, மீன்குளம், சாலை வேலைக் கூலி என்று மற்றவற்றைச் சேருங்கள். வெறுமையாக நிற்கும் மாதங்களுக்கு மட்டும் ரொக்கம்.

ரொக்கத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கொலம்பியாவின் தேசிய மாற்றுப் பயிர்த் திட்டமே சான்று. 2017-இல் தொடங்கி ஏறத்தாழ 99,000 குடும்பங்களைச் சேர்த்தது. ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஆண்டில் 3.6 கோடி பெசோ என்று கணக்கு: முதல் ஆண்டு மாதம் 10 லட்சம் வீதம் 1.2 கோடி, வீட்டுத் தோட்டத்துக்கு 18 லட்சம், குறுகிய கால வருமானத் தொழிலுக்கு 90 லட்சம், இரண்டாம் ஆண்டில் நீண்ட காலத் தொழிலுக்கு 1 கோடி, தொழில்நுட்ப ஆலோசனைக்கு 32 லட்சம்.

தாளில் அழகான வரிசை. நடந்தது வேறு. மாதத் தவணைகள் பெரும்பாலும் வந்தன. கோக்காவைப் பிடுங்குவதற்குக் கெடு இருந்ததால் பெரும்பாலான குடும்பங்கள் சொன்னபடி பிடுங்கியும் விட்டார்கள். தோட்டமும் தொழிலும் ஆலோசகரும் ஆண்டுக்கணக்கில் தாமதமாயின. பணம் தீர்ந்தது, கோக்கா இல்லை, கொக்கோவும் இல்லை. வாக்கை விவசாயி காப்பாற்றினார், மறுபக்கம் காப்பாற்றவில்லை.

ஆகவே விதி இது: ஆலோசகர் ஊருக்கு வந்து சேர்ந்து, நாற்று தயாராகி, கொள்முதல் ஒப்பந்தம் கையில் இருக்கும்போது முதல் தவணையைத் தொடங்குங்கள். ஒரு திட்டத்தில் எங்கள் நாற்றுகளுக்கான ஒப்புதல் தலைமையகத்தில் பதினோரு வாரம் தூங்கியது. மழை முடிந்து ஒன்பது நாள் கழித்து லாரி வந்தது. முக்கால்வாசிக் கன்றுகள் காய்ந்தன. நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒப்புதல் நாளை வைக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். அதற்குக் கட்டணம் கட்டியது விவசாயிகள்.

கடனையும் மறந்துவிடாதீர்கள். அபினியைக் காட்டி வாங்கிய முன்பணம் நிலுவையில் இருக்கும்வரை அந்தக் குடும்பம் சுதந்திரமாக முடிவெடுக்க முடியாது. சிறு சேமிப்புக் குழுவோ கூட்டுறவுக் கடனோ, நாற்றுக்கு முன்னால் வர வேண்டும்.

7. களைதல் எப்போது?

பெரும் சண்டை நடக்கும் இடம் இது. கொடையாளர் நாட்டு நாடாளுமன்றத்துக்கு ஆண்டு இறுதியில் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணுக்காக அழிப்பை முன்னால் இழுப்பார்கள்.

ஐ.நா. பொதுச்சபை 2013-இல் ஏற்ற மாற்று மேம்பாட்டு வழிகாட்டு நெறிகள், நடவடிக்கைகளின் சரியான வரிசையைத் தனியாகவே வலியுறுத்துகின்றன. உங்கள் வாதத்துக்கு அதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து மலைகளில் வேளாண் பணி தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 1984-ஐ ஒட்டித்தான் முறையான பயிரழிப்பு தொடங்கியது.

மாற்று எடுத்துக்காட்டும் உண்டு, மறைக்க மாட்டேன். பெருவின் சான் மார்ட்டினில் அழிப்பும் உதவியும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. கொக்கோ, காப்பி, பனை எண்ணெய் அங்கே நிலைத்தும் விட்டன. ஆனால் அங்கே நெடுஞ்சாலை இருந்தது, வேலைசெய்யும் வட்டார அரசு இருந்தது, ஆயுதக் குழு பின்வாங்கியிருந்தது. இவை மூன்றும் இருக்கும் இடத்தில் வரிசையைச் சற்று நெருக்கலாம்.

தடை ஒன்றே போதும் என்று சொல்பவர்களுக்கு ஆப்கானிஸ்தான். 2022 ஏப்ரலில் தலிபான் விதித்த தடைக்குப் பின், 2,33,000 ஹெக்டேராக இருந்த பரப்பு 2023-இல் 10,800 ஹெக்டேராகச் சரிந்தது. விவசாயிகளின் அபினி வருமானமும் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடிக்கு விழுந்தது என்று ஐ.நா. மதிப்பிட்டது. அதே 2023-இல் 47,100 ஹெக்டேரோடு மியான்மர் உலகின் மிகப்பெரிய அபினி உற்பத்தி நாடானது.

நான் கடைப்பிடிக்கும் முறை: ஒரு குடும்பத்தின் வேறு வருமானம், உணவுச் செலவையும் கடன் தவணையையும் தாங்கும் அளவுக்கு இரண்டு பருவம் தொடர்ந்து வந்த பிறகே முழுமையாகப் பிடுங்கச் சொல்வது. அதுவரை பரப்பைக் கூட்டக் கூடாது, அவ்வளவே.

அறிவிப்பிலும் கவனம் வேண்டும். கொலம்பியாவில் கோக்கா பயிரிடுவோருக்கு உதவி வரும் என்று அரசு, ஃபார்க் இரு தரப்பின் அமைதிப் பேச்சுவார்த்தைக் குழுக்கள் 2014 மே மாதத்திலேயே அறிவித்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் பரப்பு கூடியது. உதவிப் பட்டியலில் இடம்பிடிக்கச் சிலர் புதிதாக நட்டதும் அதற்கு ஒரு காரணம். உதவியைப் பயிருக்குக் கொடுக்காதீர்கள், ஊருக்குக் கொடுங்கள். ஒருபோதும் கோக்கா நடாத பக்கத்து வீட்டுக்காரருக்கும், இலை பறித்துப் பிழைத்த கூலிக்காரருக்கும் பங்கு இருக்க வேண்டும்.

8. எதை அளப்பது?

ஹெக்டேரை மட்டும் அளந்தால் ஹெல்மந்தில் நீங்கள் வெற்றி பெற்றிருப்பீர்கள், கால்வாய்க்குத் தெற்கே. பக்கத்து மாவட்டத்தையும் சேர்த்து அளங்கள்.

அபினி இல்லாத மாகாணத்துக்கு 10 லட்சம் டாலர் வரை பரிசு என்று அமெரிக்க நிதியில் 2007 முதல் ஆப்கானிஸ்தானில் ஒரு திட்டம் நடந்தது. பரிசு மாகாண நிர்வாகத்துக்குப் போனது. அபினி நட்டவரின் வருமானத்தோடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. பரப்புக்குப் பணம் கொடுத்தால் பரப்பைப் பற்றிய பேச்சுதான் வாங்க முடியும்.

நான் பார்ப்பவை ஐந்து. பசி மாதங்கள் எத்தனை குறைந்தன? தனியார் கடன் எவ்வளவு குறைந்தது? திட்டப் பணம் இல்லாமல் உள்ளாட்சி தன் சொந்த வருவாயில் பராமரித்த சாலை எத்தனை கிலோமீட்டர்? ஊர்க் கூட்டத்தில் கணக்குக் கேட்டவர்கள் யார்? திட்டத்தோடு சம்பந்தமில்லாத வணிகர் யாராவது தானாக வந்து வாங்கினாரா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று பதில் வந்தால் மற்றவை தாமாக நடக்கும்.

9. நிதி நிற்கும் நாள்

2025 ஜனவரியில் அமெரிக்க வெளிநாட்டு உதவி முடக்கப்பட்டது; அதே ஆண்டு ஜூலை 1-இல் அந்நாட்டு அரசின் உதவி முகமையான யு.எஸ்.எய்டு தன் வெளிநாட்டு உதவிப் பணியை நிறுத்தியது. கொலம்பியாவிலும் பெருவிலும் அந்த நிதியை நம்பியிருந்த பணிகள் நடுவழியில் நின்றன. எந்தக் கொடையாளருக்கும் இது நேரலாம்.

எனவே ஒப்படைப்பை இறுதி ஆண்டுக்கு வைக்காதீர்கள். உலர்களம், சேமிப்புக் கிடங்கு, எடைக்கருவி ஒவ்வொன்றையும் வாங்கும் நாளிலேயே யார் பெயரில் பதிவாகிறது, பழுதானால் யார் செலவு, அந்தச் செலவு எந்த வரியிலிருந்து என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து பராமரிப்பில் நான்கில் ஒரு பங்கை உள்ளாட்சியும் கூட்டுறவும் ஏற்கட்டும், ஆண்டுதோறும் கூட்டுங்கள். ஆலோசகருக்கும் அப்படியே. உள்ளூர் இளைஞர் இருவர் அவரோடு முதல் நாளிலிருந்து வயலுக்குப் போகட்டும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு பருவம் முழுக்க நீங்கள் ஊருக்குப் போகாமல் இருந்து பாருங்கள். தொலைபேசியிலும் ஆலோசனை சொல்லாதீர்கள். திரும்பிப் போனதும் அலுவலகத்துக்கு அல்ல, நேராகக் கிடங்குக்குப் போங்கள். சாவி யாரிடம் இருக்கிறது, எடைப் புத்தகத்தில் கடைசிப் பதிவு எந்தத் தேதி, பலகையில் இந்த மாதக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.